டெலோஸ் தீவுக்குப் போகிறவர்களுக்கு: படகு, காற்று, டிக்கெட், நடை

கிரேக்கத்தின் சிக்லாடீஸ் தீவுக் கூட்டத்தின் நடுவில் இருக்கிறது டெலோஸ். அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் என்ற தெய்வங்கள் பிறந்த மண் என்று பழங்காலக் கிரேக்கர்கள் கும்பிட்ட தீவு. இன்று அங்கே ஊர் கிடையாது, தங்கும் விடுதி கிடையாது. காவலர்களும் அகழாய்வாளர்களும் மட்டும் இருக்கிறார்கள். பார்வையாளர்கள் இரவு தங்க அனுமதியில்லை. மிகோனோஸ் தீவிலிருந்து சின்னப் படகில் போய், அன்றே திரும்பிவிட வேண்டும்.

முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் விமானம், ஓட்டல், கப்பல் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, கடைசியில் மிச்சமிருக்கும் அரை நாளில் டெலோஸைச் செருகுகிறார்கள். அந்த அரை நாளில் காற்று அடித்தால் கதை முடிந்தது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் டெலோஸ் நாள், அதற்கு ஒரு மாற்று நாள், அதன் பிறகு மற்றவை.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

படகுகள் ஏறக்குறைய ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஒழுங்காக ஓடும். குளிர்காலத்தில் மிகோனோஸ் வரை போய்விட்டு, எதிரே தெரியும் தீவுக்குப் போக வழியில்லாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

சிறந்த காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. அடுத்தது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஏப்ரல், மே மாதங்களில் இடிந்த சுவர்களுக்கு நடுவே சிவப்புப் பாப்பி பூத்துக் கிடக்கும், வெயிலும் தாங்கும். ஜூலையும் ஆகஸ்டும் மூன்று காரணங்களுக்காகத் தவிர்க்க வேண்டியவை. மிகோனோஸில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், டெலோஸில் ஒதுங்க நிழல் இருக்காது, வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று படகை நிறுத்திவிடும். பள்ளி விடுமுறையால் அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் மாற்று நாள் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள்.

திங்கட்கிழமையில் படகுகள் குறைவாக இருப்பது வழக்கம். உங்கள் முதல் நாள் திங்களாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. விசாவும் காகிதங்களும்

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான) குறுகியகால விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். முடிவுக்கு 15 நாள் என்பது விதி. கூடுதல் விசாரணை வந்தால் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கால நேர்காணல் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். மே மாதப் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

- கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.
- குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.
- போக, வர விமானப் பதிவு. ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடப் பதிவு.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம்.
- 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புதிய புகைப்படம்.

ஒவ்வோர் இரவுக்கும் என்று சொன்னதை அழுத்திப் படியுங்கள். ஏதென்ஸில் 7ஆம் தேதி காலை அறையைக் காலி செய்து, மிகோனோஸில் 8ஆம் தேதி மாலை அறை எடுத்தால் நடுவில் ஓர் இரவு தொங்கும். இரவுக் கப்பலில் போவதாக இருந்தால் அதைப் பயணத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். மாற்று நாளின் இரவையும் தங்குமிடப் பதிவில் சேருங்கள். ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் போட்டால் விசா வராவிட்டாலும் பணம் போகாது. டெலோஸ் படகுக்கோ நுழைவுக்கோ விசாவுக்காக எதுவும் வாங்க வேண்டாம், யாரும் கேட்பதில்லை.

எல்லையில் ஒரு புதிய வேலையும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களின் விரல் ரேகையையும் முகப்படத்தையும் பதிகிறார்கள். முதல் முறை வரிசை நீளும். இறங்கின இரண்டு மணி நேரத்தில் கப்பல் என்று திட்டம் போடாதீர்கள்.

3. ஏதென்ஸிலிருந்து மிகோனோஸ்

உள்நாட்டு விமானத்தில் 40 நிமிடம். கப்பலில் என்றால் இரண்டு துறைமுகம்: பிரேயஸ், ரஃபீனா. விமான நிலையத்திலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு ரஃபீனா பக்கம், அங்கே பேருந்து இருக்கிறது, துறைமுகமும் சின்னது. ஏதென்ஸ் நகரில் தங்கியிருந்தால் பிரேயஸ். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ நேரடியாக ஓடுகிறது. நள்ளிரவில் இறங்குபவர்களுக்கு எக்ஸ்-96 பேருந்து 24 மணி நேரமும் உண்டு.

பெரிய கப்பல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், கட்டணம் 50 யூரோவை ஒட்டி. அதிவேகக் கப்பல் மூன்று மணி நேரத்துக்குள் போகும், 80 யூரோவும் அதற்கு மேலும். காற்று மாதங்களில் பெரிய கப்பலையே எடுங்கள். அது குறைவாக ஆடும், காற்றடித்தாலும் அதிவேகக் கப்பலைப்போல் சட்டென்று நின்றுவிடாது. ஊருக்குத் திரும்பும் விமானமும் மிகோனோஸ் கப்பலும் ஒரே நாளில் வரக் கூடாது. ஒரு கப்பல் ரத்தானால் விமானமும் போகும்.

தங்குமிடத்தில் பதிவு விலைக்கு மேல் ஒரு வரி கேட்பார்கள், பயப்பட வேண்டாம், அரசாங்க வரிதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர ஓட்டலில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. பெரும்பாலும் வரவேற்பு மேசையில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

4. படகு: பழைய துறைமுகம், இரண்டு டிக்கெட்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. நீங்கள் கப்பலில் வந்து இறங்குவது தூர்லோஸில் இருக்கும் புதிய துறைமுகம். டெலோஸ் படகு கிளம்புவது ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகம். இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். 'மிகோனோஸ் துறைமுகம்' என்று டாக்ஸியில் சொன்னால் எங்கே இறக்குவார்கள் என்று சொல்ல முடியாது. 'பழைய துறைமுகம், டெலோஸ் படகு' என்று சொல்லுங்கள். தூர்லோஸிலிருந்து சீபஸ் என்கிற சின்னப் படகும் பழைய துறைமுகத்துக்கு வரும், 2 யூரோ. சொகுசுக் கப்பலில் வருகிறவர்களுக்கும் இதே வழிதான்.

அடுத்த குழப்பம் டிக்கெட். படகுக்கு ஒன்று, தீவின் தொல்லியல் வளாகத்துக்கு ஒன்று. படகு போய் வர சுமார் 25 யூரோ, பழைய துறைமுகத்துக் கியோஸ்கில் வாங்கலாம். நுழைவு 20 யூரோ. 2025 ஏப்ரலில் கட்டணம் ஏறியது, பழைய பயணக் கட்டுரைகளில் வரும் 12 யூரோ இப்போது இல்லை. வழிகாட்டியோடு சேர்ந்த தொகுப்பு சுமார் 60 யூரோவிலிருந்து கிடைக்கும். தொகுப்பு வாங்கும்போது நுழைவுக் கட்டணம் உள்ளே அடங்குகிறதா என்று கேளுங்கள். சிலவற்றில் அடங்கும், சிலவற்றில் அடங்காது.

கோடையில் முதல் படகு காலை 9 மணியை ஒட்டிக் கிளம்பும். அப்புறம் 10, 11:30 வாக்கில். பிறகு மாலை 5 மணிக்கு ஒன்று. காலையில் போகிறவர்களுக்குத் திரும்பும் படகுகள் நண்பகல், 1:30, 3 மணி வாக்கில். நேரங்கள் மாதத்துக்கு மாதம் மாறும், முந்தின நாள் சாயங்காலமே கியோஸ்க் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயணம் சுமார் 30 நிமிடம். போன படகிலேயே திரும்ப வேண்டும் என்பதில்லை, அதே நிறுவனத்தின் அன்றைய எந்தப் படகிலும் ஏறலாம். நிறுவனம் மாறினால் ஏற்ற மாட்டார்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மாலைப் படகு ஒளிக்கு நல்லது, வெயிலுக்கும் நல்லது. ஆனால் தீவில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். முதல் முறை போகிறவர்களுக்கு 9 மணிப் படகைத்தான் சொல்வேன்.

நக்ஸோஸ், பாரோஸ் தீவுகளிலிருந்தும் ஒருநாள் சுற்றுலாப் படகுகள் வருகின்றன. மிகோனோஸில் தங்கும் செலவு மிச்சம். ஆனால் அவை டெலோஸையும் மிகோனோஸையும் ஒரே நாளில் காட்டுவதால் டெலோஸில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். மலை ஏற நேரம் இருக்காது.

5. காற்றைப் படியுங்கள்

மெல்டெமி மழையோடு வருவதில்லை. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், படகு மட்டும் நிற்கும். காலையில் அடங்கியிருந்து முற்பகலுக்குப் பிறகு வலுப்பதுதான் அதன் வழக்கம். முதல் படகைச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

முந்தின நாள் இரவு காற்று முன்னறிவிப்பைப் பியூஃபோர்ட் அளவில் பாருங்கள். 4, 5 என்றால் ஆட்டம் இருக்கும், போகலாம். 6 என்றால் சந்தேகம். 7 என்றால் மாற்று நாளுக்குத் தள்ளிவிடுங்கள். ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது துறைமுக அதிகாரிகள், காலையில்தான் தெரியும். ரத்தானால் பணத்தைத் திருப்புவார்களா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். வளாகத்து நுழைவுச் சீட்டை மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. தீவின் வாசலிலேயே வாங்கலாம், படகிலிருந்து முதலில் இறங்கினால் வரிசையும் சின்னது.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் படகின் பின்பாதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் வேலை செய்யும். படகில் ஏறிப் போட்டுப் பயனில்லை.

6. பையில் இருக்க வேண்டியவை

ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கோடையில் இரண்டு. சிற்றுண்டிக் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பிஸ்கட், பழம், ரொட்டி கையில் இருக்கட்டும். கழிப்பறை அருங்காட்சியகத்தின் பக்கம் இருக்கிறது, மலைக்குப் போகும் முன் நினைவில் வையுங்கள்.

தொப்பிக்கு நாடா வேண்டும். நாடா இல்லாத தொப்பி மலையுச்சியில் நிற்காது. குடை பிரயோஜனப்படாது. செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். பளிங்கு வழவழவென்று தேய்ந்திருக்கும், கருங்கல் கரடுமுரடாக இருக்கும், நடுவில் முட்செடி. முழுக்கால் சட்டை காலைக் காப்பாற்றும். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக வழியே இல்லை, முதுகுப் பையில் சுமக்கத்தான் வேண்டும். சக்கர நாற்காலிக்கும் இந்தத் தரை கஷ்டம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் துறைமுகத்தை ஒட்டிய சமதளப் பகுதியையும் சிங்கச் சிலைகளையும் பார்த்துத் திரும்பலாம்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், வயதுச் சலுகைக்குக் கேட்பார்கள். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

7. தீவில் நடக்கும் வரிசை

9:30 வாக்கில் இறங்குவீர்கள். கும்பல் அப்படியே நேரே கோயில் பகுதிக்குள் போகும். நீங்கள் வலப்பக்கம் திரும்பி நாடகசாலைக் குடியிருப்புக்குள் ஏறுங்கள். வெயில் ஏறும் முன் மேட்டையும் மலையையும் முடித்துவிட்டுச் சமதளத்துக்கு இறங்குவதுதான் இந்த வழியின் நோக்கம்.

குறுகலான சந்து, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் வீட்டுச் சுவர்கள், காலடியில் கல் மூடிய வடிகால். டயோனிசஸ் வீட்டில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். முற்றத்தின் தரையில் புலிமேல் சவாரி செய்யும் இறக்கை வைத்த மதுக் கடவுள் டயோனிசஸ், மொசைக்கில். அரிசிக் குருணையைவிடச் சிறிய கல் துண்டுகளால் புலியின் முகத்தை இழைத்திருக்கிறார்கள். தூசி படிந்து மங்கலாகத் தெரிந்தால் கண் பழகும்வரை நில்லுங்கள். நிறம் தெரிவதற்காகத் தண்ணீர் தெளிக்கும் வேலை வேண்டவே வேண்டாம், அடியிலிருக்கும் சுண்ணாம்பு கெட்டுப்போகும். பக்கத்தில் கிளியோபாட்ராவின் வீடு. எகிப்து ராணி இல்லை, அவள் பெயர் கொண்ட ஏதென்ஸ் நாட்டுப் பெண். அவளும் கணவன் டயோஸ்கூரிடீஸும் தலையில்லாத சிலைகளாக நிற்கிறார்கள்.

சந்தின் மேல்முனையில் நாடகசாலை, சுமார் 5,500 பேர் உட்காரும் அளவு. பலர் இதைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கீழே இருக்கும் தொட்டியைப் பார்க்காமல் போகாதீர்கள். படிவரிசைகளில் விழுந்த மழை நீரெல்லாம் வாய்க்கால் வழியாக ஓடி இதில் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். மேல்மூடியைத் தாங்கிய கருங்கல் வளைவுகள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. ஆறில்லாத தீவில் ஒரு நகரமே எப்படித் தண்ணீர் குடித்தது என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது.

அங்கிருந்து முகமூடிகள் வீடு, டால்ஃபின்கள் வீடு வழியாகக் கிந்தோஸ் மலைப் பாதை. மலை 112 மீட்டர்தான், ஏற 20 முதல் 30 நிமிடம். படிகள் ஒழுங்கில்லாதவை, கைப்பிடி கிடையாது. மேலே காற்று ஆளைத் தள்ளும். 6 பியூஃபோர்ட் அடிக்கும் நாளில் குழந்தைகளோடு உச்சிக்குப் போகாதீர்கள். வழியில் ஹெர்குலீஸ் குகை: பெரிய கருங்கல் பலகைகளை இரண்டு பக்கமும் சாய்த்து, கூரைபோல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது ஈசிஸ் கோயில் இருக்கும் அயல்நாட்டுக் கடவுள்களின் மாடம் வழியாக இறங்குங்கள். எகிப்து, சிரியத் தெய்வங்களுக்கு வணிகர்கள் கட்டிய கோயில்கள் அந்தச் சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

அடுத்து அருங்காட்சியகம். கட்டட வேலைக்காக மூடி வைத்திருப்பதுண்டு, நுழைவாயிலிலேயே கேட்டுவிட்டால் நேரக் கணக்குப் போடலாம். சிங்கங்களின் அசல் சிலைகள் இதற்குள்தான். வெளியே மாடத்தில் நிற்பவை நகல்கள்.

சிங்கங்களிடம் 12:30க்குள் போய்ச் சேருங்கள். அவை கிழக்கே, வற்றிய புனித ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. பிற்பகலில் சூரியன் அவற்றின் முதுகுப் பக்கம் போய்விடும், முகம் இருட்டாகும். கோடை நேரக் கணக்கில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 1:20 வாக்கில்தான் என்பதால் 12:30 வரை முகத்தில் ஒளி இருக்கும். ஏரியை 1920களில் மலேரியாவுக்குப் பயந்து வற்றவைத்தார்கள். நடுவில் ஒற்றைப் பேரீச்சை மரம் நிற்கிறது.

சூடான கற்களின் மேல் பெரிய ஓணான்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் ஊர் ஓணானுக்கு உறவுதான், கொஞ்சம் தடித்தது, முதுகெல்லாம் முள் செதில். கடிக்காது.

கடைசியாக அப்பல்லோ கோயில் பகுதி. கும்பல் அதற்குள் கலைந்திருக்கும். உண்மையைச் சொன்னால் இங்கே நின்றுகொண்டிருக்கும் தூண் குறைவு, அடித்தளம்தான் அதிகம். வரைபடம் இல்லாமல் ஒன்றும் புரியாது. கையில் வைத்துக்கொண்டு நடங்கள். நக்ஸோஸ் மக்கள் கொடுத்த பிரம்மாண்ட அப்பல்லோ சிலையின் பீடத்தை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒரே கல்லில் செதுக்கிய பீடம், எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

இந்தச் சுற்றுக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். 1:30 படகுக்கு ஓடாமல் 3 மணிப் படகு என்று மனதில் வைத்தால் நிம்மதி. எந்தப் படகானாலும் 15 நிமிடம் முன்பே துறையில் நில்லுங்கள். கடைசிப் படகுக்கு அரை மணி நேரம் முன்பு.

8. விசில் ஊதினால்

சுவர்மேல் ஏறினாலோ, கயிற்றைத் தாண்டினாலோ, மொசைக்கை மிதித்தாலோ காவலர் விசில் ஊதுவார். உடனே இறங்கிவிடுங்கள். ட்ரோனுக்குக் கலாச்சார அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும், பையில் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். ஒரு ஓட்டுச் சில்லைக்கூட எடுக்காதீர்கள். கிரேக்கத்தில் அது கடுமையான குற்றம், விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு. குழந்தைகளின் சட்டைப் பையைப் படகில் ஏறும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

9. செலவுக் கணக்கு

டெலோஸ் நாளுக்கு மட்டும் ஒருவருக்குப் படகு 25, நுழைவு 20, தண்ணீர், தீனி, சீபஸ் என்று 10. ஆக 55 யூரோ. வழிகாட்டியோடு போனால் இது கூடும். நான்கு பேருக்கு மேல் சேர்ந்து போகிறவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொள்வதைப் பற்றி விசாரியுங்கள். கோயில் பகுதியின் கற்குவியலுக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருப்பது பெரிய வித்தியாசம். ஏப்ரல் 18, மே 18, செப்டம்பர் கடைசி வார இறுதி, அக்டோபர் 28 ஆகிய நாட்களில் அரசு தொல்லியல் இடங்களுக்கு நுழைவு இலவசம். படகுக் காசு வழக்கம்போலத்தான், கூட்டமும் அன்று அதிகம்.

10. படகு ரத்தானால்

மாற்று நாளும் காற்றில் போய்விட்டால், பழைய துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மிகோனோஸ் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸைத் தூய்மைப்படுத்துவதாகச் சொல்லி அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி, பக்கத்து ரெனேயா தீவில் ஒரு குழிக்கு மாற்றினார்கள். அந்தக் குழியில் கிடைத்த பானைகள் இங்கேதான் இருக்கின்றன. கூடவே மிகோனோஸில் 1961இல் தோண்டியெடுத்த பெரிய சாடி ஒன்றையும் பாருங்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கழுத்துப் பகுதியில் ட்ராய் குதிரை. காலடியில் சக்கரங்கள், உடம்பில் சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் ஒளிந்திருக்கும் வீரனின் முகம்.